சொல்லிக்கொள்ளாமல் வந்தது

என் சம்பந்தி டச்சுக்காரர். மகன் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்து எங்களோடு பத்து நாள் தங்கினார். சாப்பிட்டதும் இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்றுகூட என் மகனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்தவர். வலிக்கிற முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

சென்ற ஆண்டு நான் நெதர்லாந்தில் மகன் வீட்டில் இருந்தபோது அவர் இறந்துபோனார். அடக்கத்துக்குக் கிளம்பும்போதே மகன் சொன்னான்.

"அப்பா, எல்லாம் முடிஞ்சப்புறம் காப்பி குடுப்பா. கிளம்பறச்சே அவ அம்மா கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுத்தான் வரணும். கேட்டேளா?"

"சாவு வீட்டுலே யாராவது சொல்லிண்டு வருவாளாடா?"

"இது மட்டாஞ்சேரி இல்லை, அப்பா."

"எங்கே ஆனா என்ன, சாவு சாவுதான்."

துக்க வீட்டில் 'வருகிறேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தம் என்பது எங்கள் வழக்கம். அந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவன், மகனும் சொல்லியிருந்தான். தெரிந்தும், என் வழக்கத்தை விட மனமில்லாமல் செய்தேன்.

வாசலருகில் சம்பந்தி அம்மாள் நின்று ஒவ்வொருவராக விடைகொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கையை நீட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தேன். திரும்பிப் பார்க்கவும் கூடாது என்பதால் பார்க்கவில்லை. அந்தக் கை எவ்வளவு நேரம் அப்படியே நின்றது என்பதை மருமகள்தான் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஊர் திரும்பியபின் மன்னிப்புக் கேட்டு அவளுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை.

இன்று காலை மகனை அழைத்து, சம்பந்தி அம்மாளிடம் நானே பேசுகிறேன், போனைக் கொடு என்று கெஞ்சினேன்.

"அவாளுக்கு இப்போ ஓர்மையே இல்லை, அப்பா. சொந்தப் பொண்ணையே தெரியலை. ஆனா அது மட்டும் மறக்கலை. இந்தியாவிலேர்ந்து வந்தவர் ஏன் கோவிச்சிண்டு போனார், நான் என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டிண்டே இருக்கா."

"கோபமே இல்லைன்னு சொல்லேன்டா."

"தினம் சொல்றோம். சரி சரிங்கறா. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் கேக்கறா."