என் கேமராவில் விழுந்த பேய்கள்

பெங்களூர் அல்சூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம் என்று இரண்டோடு வேலை முடிந்துவிடாது. படத்தில் பேய் வந்தாலும் அவன்தான் பதில் சொல்லியாக வேண்டும். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலையும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்புகிறவர்களிடம் போய் அகப்பட்டுக்கொள்ளும் யோகம் தாராளமாக உண்டு. ஒருமுறை அதனால் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது. அதற்கு முன் இரண்டு சில்லறைப் பேய்கள்.

தாத்தா வந்த கிரகப்பிரவேசம்

வைட்ஃபீல்டில் ஒரு புது ஃபிளாட். கிரகப்பிரவேசப் படங்களில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் மிதந்தன. காலமான மாமனார்தான் ஆசீர்வாதம் செய்ய வந்திருக்கிறார் என்று வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஃபிளாஷ் வெளிச்சம் தூசியில் பட்டால் அப்படித்தான் தெரியும். அதை அவர் மகனிடம் மெல்லச் சொன்னேன். அவன் என்னைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணா, தூசின்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. வீட்டை ஒழுங்கா பெருக்கலன்னு என் பொண்டாட்டிக்குத் திட்டு விழும். தாத்தாவாவே இருந்துட்டுப் போகட்டும்!"

இரண்டு கணவர்கள்

பொம்மனஹள்ளியிலிருந்து வந்த, கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். பூங்காவில் எடுத்த அகலப் படம். ஒரு ஓரத்தில் அவள் கணவன் தலையில்லாமல் நிற்கிறான். மறு ஓரத்தில் அவனே முழுசாகச் சிரிக்கிறான். போனை இவள் மெதுவாகத் திருப்பி எடுக்கும்போது மனுஷன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியிருக்கிறான், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவள் படத்தை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தாள்.

"தலையில்லாம நிக்கிறது எங்க வீட்டுக்காரர்தான் சார், சந்தேகமே இல்ல. முழுசா நிக்கிற இன்னொருத்தர் யாருன்னுதான் பயமா இருக்கு!"

நிச்சயதார்த்தத்துக்கு வந்தவள்

இது என் தப்பு. மண்டபத்து சீரியல் லைட்டெல்லாம் அழகாக விழட்டும் என்று ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்து எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் குறுக்கே நடப்பவர்கள் கண்ணாடி மாதிரி பதிவார்கள். மோதிரம் மாற்றிக்கொண்ட ஜோடிக்குப் பின்னால் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அவள் உடம்புக்குள்ளே சுவர் தெரிகிறது! சரிபார்க்காமல் ஆல்பத்திலும் ஒட்டிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தோடு வந்து நின்றார். "இது அபசகுனம். இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்றார். கூடவே மாப்பிள்ளை, பேயறைந்தவன் போல. வாசலில் கல்யாணப் பெண் ரேவதி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தொழில்காரன் சமாளிக்கிறான் என்று சொல்லிவிட்டார் அந்தம்மா.

ஸ்டூடியோ விளக்கைக் குறைத்து, மாப்பிள்ளையைக் குறுக்கே நடக்கவிட்டுப் படம் எடுத்தேன். அவனும் பேயானான். அதற்கும் அம்மா மசியவில்லை. கடைசியில் அசல் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. கையில் தட்டு. தட்டில் நெய் சொட்டும் ஒப்பட்டு, அதாவது நம்ம போளி, இரண்டு. பேய் பந்தி நடக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை மெல்லத் திரும்பினான். "அம்மா, இது உங்க புடவை. அன்னிக்கு ஸ்வீட்டே தொடலன்னு சொன்னீங்க. சுகர் முந்நூறு ஏறினது இதாலதானா?"

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிரே திரும்பி வந்தது. அந்தம்மா படத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஆல்பத்தைப் பட்டென்று மூடினார்.

"நானாவது, ஒப்பட்டாவது! இது பேயேதான்டா. ஆனா நல்ல பேய். கல்யாணத்தைக் குறிச்ச தேதியிலயே வெச்சிடலாம்!"

ஆகவே நண்பர்களே, படத்தில் பேய் தெரிந்தால் பயப்படாதீர்கள், அநேகமாக அது சாப்பிடப் போய்க்கொண்டிருக்கும்.