அக்கா போட்டுக்கினு வந்த ரெண்டாவது ஊசி

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்க ஊர் மகளிர் குழுவுக்கு என்னைத் தலைவியாப் போட்டதே அதுக்காகத்தான். எவ கூட்டத்துக்கு வரலியோ அவ வூட்டு வாசல்ல போய் நின்னு சத்தம் போட ஒரு ஆள் வேணும் இல்ல? அந்த ஆள் நான். கொரோனா ஊசி வந்தப்போ பொம்பளைங்களை முகாமுக்குக் கூட்டிக்கினு வர வேலையும் என் தலையிலதான் விழுந்துச்சு.

எங்க ஊரு கல்வராயன் மலை அடிவாரத்துல இருக்குது. கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ல முக்கால் மணி நேரம். ரெண்டாவது அலையில எங்க தெருவுலயே சாவு விழுந்துச்சு. அப்படியும் ஊசின்னா ஜனம் ஓடி ஒளியுது. மரவள்ளிக் காட்டுக்குள்ள பூந்து உக்காந்துக்கினவளை எல்லாம் கையைப் புடிச்சு இழுத்துக்கினு வந்திருக்கேன். "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீயா பொறுப்பு?"ன்னு ஒருத்தி கேட்டா. "ஆமாண்டி, நான்தான் பொறுப்பு, வா"ன்னேன். வாய்தானே, வந்துடுச்சு.

அவளுக்கு ஒண்ணும் ஆவல. ஆனது எங்க அக்காவுக்கு.

அக்கான்னா கூடப் பொறந்தது இல்ல. என் வூட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. என்னைவிடப் பதினஞ்சு வயசு பெரிசு. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர்தான். கல்யாணம் ஆன புதுசுல எங்களுக்குள்ள ஒரு வருஷம் பேச்சே கிடையாது. எதுக்குன்னு கேட்டா இப்போ ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல. அப்புறம் பெரியவன் என் வயித்துல இருந்தப்போ எனக்குச் சோறு எறங்கல. அக்கா தினம் ஒரு கிண்ணத்துல ரசம் கொண்டாந்து, ஒரு வார்த்தை பேசாம, அடுப்பு மேடையில வச்சுட்டுப் போவும். நாலாவது நாளு நான்தான், "உப்பு கம்மிக்கா"ன்னேன். "வாய் ருசி திரும்பிடுச்சு போல"ன்னு சொல்லி சிரிச்சுச்சு. அன்னியிலருந்து இன்னிக்கு வரைக்கும் சிரிப்புதான்.

அக்காவுக்கு ஊசின்னா சின்னப் புள்ளையிலருந்தே பயம். முகாம் நடந்த பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் வந்துட்டு, தூணைக் கட்டிப் புடிச்சுக்கினு நின்னுச்சு.

"நீ மொதல்ல போட்டுக்க. ஒண்ணும் ஆவலன்னா நான் போட்டுக்குறேன்."

"ஊரையே இழுத்துக்கினு வந்திருக்கேன், என் வூட்டு ஆளு நீயே இப்படி நின்னா எவ என்னை மதிப்பா?"ன்னு கத்திட்டு, நான் மொதல்ல போட்டுக்கினேன். பின்னாடியே அக்காவும் கண்ணை இறுக்கி மூடிக்கினு போட்டுக்கினுச்சு.

அன்னிக்கு சாயந்தரம் எனக்குக் கை வலி. ஐயோ, அம்மான்னு தெருவையே கூட்டிட்டேன். அக்காவுக்கும் ஜுரம்தான், அதுவும் ஊசி போட்டுக்கினதுதான். ஆனா கஞ்சி காய்ச்சிக்கினு வந்து எனக்கு ஊட்டி விட்டுச்சு. ரெண்டே நாள்ல எல்லாம் சரியாப் போச்சு.

மூணு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில சுவருக்கு அந்தப் பக்கத்துலருந்து, "எம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்"னு அக்கா குரல். போய்ப் பாத்தா பாய்ல மல்லாக்கப் படுத்திருக்குது, எழுந்துக்க முடியல. ரெண்டு தோளும், ரெண்டு இடுப்பும் கட்டை மாதிரி விறைச்சுக்கினு நிக்குது. தூக்கி உக்கார வச்சேன். கையை மேல தூக்கச் சொன்னா மார் உயரத்துக்கு மேல போவல. தலை முடியைக் கூட அள்ளி முடிஞ்சுக்க முடியல.

பத்து மணி, பதினோரு மணிக்கு மேல கொஞ்சம் எளகும். மறுநாள் காலையில பழையபடி அதேதான். தினம் விடிஞ்சதும் நான் போய்த் தூக்கி விட்டு, ரவிக்கை மாட்டி விட்டு, தலை வாரி விடுவேன். "கல்யாணப் பொண்ணு கணக்கா சிங்காரிக்கிறியே, மாப்பிள்ளை எங்கடி?"ன்னு அக்கா கேக்கும். நான் சிரிப்பேன். அப்புறம் என் வூட்டுக்கு வந்து, குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்.

மலையிலருந்து எறங்கி வர்ற ஒருத்தர் கிட்ட எண்ணெய் வாங்கித் தேச்சோம். சுளுக்கு வழிச்சோம். வெந்நீர் ஒத்தடம் வச்சோம். ஒண்ணுத்துக்கும் கேக்கல.

ஊரு சும்மா இருக்குமா? "ஊசிதான், வேற இன்னா?" அக்கா வூட்டுக்காரர், எங்க மாமா, என்னைத் திட்டக் கூட இல்ல. என் முகத்தைப் பாக்கறதை நிறுத்திட்டார். அதுக்குத் திட்டியிருக்கலாம். அடுத்த முகாமுக்குக் கூப்பிடப் போனா, என்னைப் பாத்ததும் கதவைச் சாத்துறாளுங்க. "உங்க அக்காவைப் போய்ப் பாரு மொதல்ல"ன்னு உள்ளேயிருந்து ஒருத்தி சொன்னா. என் வாழ்க்கையிலயே அன்னிக்குத்தான் எனக்குப் பதில் பேச வாய் வரல.

அப்புறம் கள்ளக்குறிச்சியில ஒரு டாக்டரம்மா கிட்ட கூட்டிக்கினு போனேன். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. கையைத் தூக்கச் சொன்னாங்க, நாற்காலியிலருந்து ஊணாம எழுந்துக்கச் சொன்னாங்க. தசையிலயும் மூட்டைச் சுத்தியும் அழற்சி வந்திருக்குது, நோயை எதிர்க்கற சக்தி தடம் மாறி நம்ம உடம்பையே அடிக்குதுன்னாங்க. அம்பது வயசுக்கு மேல, பொம்பளைங்களுக்கு ஜாஸ்தி வருமாம்.

நான் அடக்க முடியாம கேட்டுட்டேன். "ஊசியாலங்களா டாக்டர்? நான்தாங்க இழுத்துக்கினு போனேன்."

அந்தம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "ஊசிக்கு அப்புறம் வந்துச்சுன்றதுக்காக ஊசியாலதான் வந்துச்சுன்னு சொல்லிட முடியாதும்மா. இந்த வயசுல ஊசி போடாதவங்களுக்கும் இது வருது. கொரோனா வந்து போனவங்களுக்கும் வருது. அதுக்காக ஊசி தூண்டி விட்டிருக்கவே இருக்காதுன்னு சத்தியமும் பண்ண மாட்டேன். எங்கேயோ சில பேருக்கு அப்படி ஆயிருக்கலாம். ஒரே ஒரு ஆளை வச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது."

ஆமான்னு சொல்லியிருந்தா அழுது தீத்திருப்பேன். இல்லன்னு சொல்லியிருந்தா ஊர்ல போய்ச் சண்டை போட்டிருப்பேன். ரெண்டும் இல்லாம தொங்க விட்டுட்டாங்களேன்னு எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு.

மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. சின்னச் சின்ன மாத்திரை. "ஸ்டீராய்டும்மா. நல்லா கேக்கும். ஆனா நீங்களா நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா நான்தான் குறைப்பேன்"னு அக்கா கிட்டயும் என் கிட்டயும் ரெண்டு தடவை சொன்னாங்க. இது அடங்கினதுக்கப்புறம் ரெண்டாவது ஊசி போட்டுக்கலாம், கொரோனா வந்தா அதைவிட ஆபத்துன்னும் சொன்னாங்க.

மாத்திரை போட்ட மூணாம் நாள் காலையில, நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடி அக்கா என் வாசல்ல கோலம் போட்டுக்கினு இருக்குது! குனிஞ்சு, நிமிர்ந்து, கையை வீசிக்கினு. "இன்னா முழிக்கிற? தூக்கு பாக்கலாம்னு சொல்லுவியே, பாரு"ன்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுச்சு. நான் ஓடிப் போய்க் கட்டிக்கினேன். கோலம் மொத்தமும் என் கால்ல அழிஞ்சு போச்சு, அதுக்கு வேற திட்டு வாங்கினேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா எனக்குள்ள ஒரு பயம் உக்காந்துக்கிச்சு. எனக்கு ரெண்டாவது ஊசிக்கு நாள் வந்துச்சு. காலையில அக்கா பாய்ல கிடந்ததே கண்ணு முன்னாடி நிக்குது. எனக்கும் அப்படி ஆச்சுன்னா? சின்னசேலத்துல ஒரு கூட்டத்துக்குப் போனவ, திரும்பி வந்து, "அங்கேயே ரெண்டாவது ஊசியையும் போட்டுக்கினேன்"னு சொல்லிட்டேன். பொய். ஊருக்கெல்லாம் போடு போடுன்னு கத்தினவ, நான் போட்டுக்கல. என் வூட்டுக்காரர் கிட்ட கூட உண்மையைச் சொல்லல.

அக்கா ஒண்ணும் கேக்கல. "நல்லதாப் போச்சு"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல முகாம். நான் அக்காவைக் கூப்பிடவே இல்ல. அதுவா எழுந்து, குளிச்சு, புதுச் சேலை கட்டிக்கினு, தனியாப் போய் ரெண்டாவது ஊசி போட்டுக்கினு வந்துடுச்சு. தூணைக் கட்டிப் புடிச்சுக்கினு நின்ன ஆளு! எனக்கு ஒண்ணும் புரியல.

ஒரு வாரம் கூட ஆவல, பழையபடி வலி. இந்தத் தடவை திரும்பிப் படுக்கக் கூட முடியல. ஊர்ல எல்லாரும், "பாத்தியா, நாங்க சொன்னோம் இல்ல"ன்னாங்க. மாமா மொத தடவையா என் கிட்ட பேசினார். "ஒரு தடவை பண்ணது பத்தாதா உனக்கு?" அவ்வளவுதான் கேட்டார். நான் கூப்பிடலைன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, ஏன் கூப்பிடலைன்ற கேள்வி வரும். முழுங்கிட்டேன்.

டாக்டர் கிட்ட போறதுக்காக அக்காவோட மாத்திரை டப்பாவை எடுத்தேன். காலி. கடைசியா வாங்கின தேதிக்கு இன்னும் பாதி மாசத்து மாத்திரை அதுல இருக்கணும்.

"மாத்திரை எங்கக்கா?"

அக்கா தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிச்சு.

தண்ணிக் குழாய் கிட்ட போனா அங்க பதில் கிடைச்சுச்சு. களை எடுக்கற பொம்பளை ஒருத்தி, இடுப்பைத் தட்டிக் காட்டி, "உங்க அக்கா குடுத்துச்சே ஒரு மாத்திரை, அமிர்தம்! அது இன்னும் ரெண்டு கிடைக்குமா?"ன்னு கேட்டா. பக்கத்துல நின்னவ, "எனக்கும்"ன்றா. சர்க்கரை இருக்கற ஒருத்திக்கு அதைப் போட்டதுலருந்து தலை சுத்துதாம்.

எங்க பக்கம் களை எடுப்புக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது, ஆளுக்கு ஆளு மாத்திக்குவோம். இன்னிக்கு என் காட்டுக்கு நீ வா, நாளைக்கு உன் காட்டுக்கு நான் வர்றேன். அக்கா படுத்துக் கிடந்தப்போ அதோட முறையை எல்லாம் இவளுங்கதான் எடுத்திருக்காளுங்க. அக்கா காட்டுக் களையையும் எடுத்திருக்காளுங்க. எழுந்து நடமாடினதும் அக்காவுக்கு மனசு தாங்கல. இடுப்பு வலி, முட்டி வலின்னு எவ சொன்னாலும் முந்தானையிலருந்து மாத்திரையை அவுத்துக் குடுத்திருக்குது.

திரும்பி வந்து கத்தினேன் பாருங்க, தெருவே கூடிடுச்சு. "அது இன்னா வெத்தலை பாக்கா, ஆளுக்கு ஒண்ணு நீட்டறதுக்கு?"

"என் வேலையை அவளுங்க செஞ்சாளுங்க. என் கிட்ட வேற இன்னா இருக்குது குடுக்கறதுக்கு?"ன்னுச்சு அக்கா.

நான் அதைத் தூக்கி உக்கார வச்சு, சேலை மாத்தி விட்டு, பஸ்சுக்குக் கூட்டிக்கினு போனேன்.

டாக்டரம்மா திட்டின திட்டு இருக்கே, நானே தோத்துட்டேன். "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து, தெரியுமா? சர்க்கரைக்காரங்களுக்குக் குடுத்தீங்களா? அவங்களை நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க." மறுபடியும் மாத்திரையை ஆரம்பிச்சாங்க. நான் மெதுவா, "அப்போ இந்தத் தடவை ஊசியால இல்லீங்களா?"ன்னு கேட்டேன். "மாத்திரையை நிறுத்தினா வலி திரும்பத்தான் செய்யும். இதுக்கு ஊசியைத் தேட வேண்டாம்"னாங்க.

மொத தடவை வந்தது? அது இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அதோட குடித்தனம் பண்ணப் பழகிடுச்சு.

பஸ்ல ஜன்னல் பக்கம் அக்காவை உக்கார வச்சுட்டு, பக்கத்துல உக்காந்தேன். மலை தெரிய ஆரம்பிச்சதும் அக்கா கேட்டுச்சு. "நீ இன்னும் போட்டுக்கல, இல்ல?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "எப்படித் தெரியும் உனக்கு?"

"எறும்பு கடிச்சாலே ஊரைக் கூட்டுறவ நீ. சின்னசேலத்துல போட்டுக்கினேன்னு வந்த அன்னிக்கு, கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதே கையால எனக்கு மாவு ஆட்டிக் குடுத்த."

எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. "தெரிஞ்சும் நீ ஏன்கா போய்ப் போட்டுக்கின? பயம் இல்லையா உனக்கு?"

"பயம் இல்லாமயா? எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீ பயப்படாம போட்டுக்குவ இல்ல? அதுக்குத்தான் போனேன். கடைசியில இந்த மாத்திரை வந்து கெடுத்துடுச்சு."

பஸ்ல அத்தனை பேர் இருக்காங்கன்னு கூட பாக்கல, அக்கா மடியில முகத்தை வச்சு அழுதேன். அக்காவுக்கு என் தலையைத் தடவிக் குடுக்கக் கை அசையல. தலை மேல சும்மா கையை வச்சுக்கினு வந்துச்சு.

அந்த வாரமே போய் நான் ரெண்டாவது ஊசியைப் போட்டுக்கினேன். மாமா கிட்டயும், ஊர்லயும் மாத்திரை விஷயத்தை, நான் சொன்ன பொய்யையும் சேத்துச் சொன்னேன். அன்னிக்கு சாயந்தரம் தோள்பட்டையில வலின்னா வலி, ஐயோ அம்மான்னு தெருவைக் கூட்டிட்டேன். மறுபடி போட்ட மாத்திரையில எளகியிருந்த கையால அக்கா கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிக்கினு வந்து, ஒரு வாய் ஊட்டி விட்டுட்டு, "இப்போ நம்பறேன்"னுச்சு.