ஒரு போகத்துக்கு

நான் துணி தேய்ப்பவன். தஞ்சாவூரில் வெண்ணாற்றுப் பக்கம், ஒரு புங்க மரத்தடியில் என் தள்ளுவண்டி நிற்கிறது. பிறர் சட்டைப் பைகளில் கிடைக்கும் பஸ் டிக்கெட், சில்லறை, ஒருமுறை ஒரு மூக்குத்தி, எல்லாவற்றையும் மடித்த துணியின் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் சொந்தச் சட்டைப் பையில் இருந்த ஓட்டையைத்தான் கவனிக்கவில்லை. அதன் வழியாக அந்தக் காசு போய்விட்டது.

ஒரு கோடையில் ஆற்று மணலில் கண்டெடுத்த பழைய செப்புக்காசு. பொட்டுக்கடலை அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் முழுக்க மழுங்கியிருந்தது. மறுபக்கம் நான்கு கால்களோடு ஏதோ ஒன்று, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி நின்றது. மாடு என்று நினைத்துக்கொண்டேன். கிடைத்த அன்றே, பழைய காசுகளைப் பற்றி என்னிடம் இருந்த ஒரே புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தேன். பனிக்குள்ளிருந்து நடந்து வருவதுபோல் அது தாளில் வந்து நின்றது. எட்டாம் நாள் காசு தொலைந்தது. அதை நான் பார்த்தேன் என்பதற்கு அந்தத் தேய்ப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. கைபேசியில் படமெடுத்தால் வெறும் கரிக்கறை. தாளைக் கொஞ்சம் சாய்த்துக் காலை வெயிலில் காட்டினால்தான் அந்த உருவம் எழுந்து நிற்கும்.

காசு சேர்ப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். காசை விற்பார்கள், புத்தகத்தை விற்க மாட்டார்கள். மறுபடி அச்சுக்கு வராத புத்தகங்கள் அவை. புத்தகத்துக்குப் புத்தகம் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம், அதுவும் தவணைக்கு. மாதக் கணக்கில் சொன்னால் எல்லோருக்கும் மறந்துபோகிறது என்று எப்போதோ யாரோ விளையாட்டாக “ஒரு போகத்துக்கு” என்று சொல்லப்போய், அதுவே நிலைத்துவிட்டது. தண்ணீர் வரும்போது வாங்கினால் அறுப்பில் கொடுத்துவிட வேண்டும். நான் ஒன்பதாவதோடு நின்றவன். புத்தகங்களோ ஆங்கிலத்தில் இருக்கும். ஆனாலும் படமும் எண்ணும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

கோடியக்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வரும் பாய் ஒருவரிடம் நீல அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. சின்னச் செப்புக்காசுகளுக்கென்றே வந்த புத்தகம். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, மளிகைக் கடையும் கொஞ்சம் நிலமுமாக இருந்தார். ஆனி மாதம், ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த வாரம் அவர் என் அருகில் உட்கார்ந்தார்.

“உங்ககிட்ட என்ன புத்தகம்ணே இருக்கு?”

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கடைசித் தாளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

“ஒரு போகத்துக்கு,” என்றார்.

“ஒரு போகத்துக்கு,” என்றேன். அன்றைய கூட்டத்தில் நான் பேசியது அவ்வளவுதான்.

நீலப் புத்தகத்தில் மாடுகளுக்கு மட்டும் ஏழெட்டுப் பக்கங்கள் இருந்தன. நிற்கும் மாடு, படுத்த மாடு, கொம்பு மட்டும் மிஞ்சிய மாடு. என்னுடையது அவற்றில் இல்லை. மதியம் பெட்டியில் கரி ஆறும் நேரத்தில் மரத்தடியில் கண்ணயர்ந்தால், அந்த மாடுகள் வரிசையாக வாய்க்காலைத் தாண்டிப் போகும். ஈரக் குளம்புகள் கரையேறும் சத்தம்கூடக் கேட்கும். விழித்தால் ஆற்றுத் தண்ணீரின் சத்தம்.

புரட்டாசியில் எங்கள் பக்கம் குறுவை அறுப்பு மெஷின் இறங்கியது. ரோட்டோரமெல்லாம் நெல் காய்ந்தது. நீலப் புத்தகத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தபாலில் அனுப்பினேன். உள்ளே ஒரு வரி எழுதி வைக்க நினைத்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

என் புத்தகம் வரவில்லை. ஐப்பசி போனது. மழை பிடித்துக்கொண்டது. யாரோ கடைசித் தாளைக் கிழித்துப் பொட்டலம் மடிப்பதுபோல் தோன்றும். கைபேசியில் அவர் எண்ணை எடுத்துப் பார்ப்பேன். பிறகு வைத்துவிடுவேன்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், மன்னார்குடியில் ஒரு பஸ், திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ் என்று மாறிப் போய்ச் சேர்ந்தேன். கல்லாவில் அவருடைய மனைவி இருந்தார்.

“என்ன வேணுங்க?”

“தஞ்சாவூர்லேருந்து வர்றேன்... புத்தகம்...”

அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏங்க! உங்க புத்தகத்தை வாழாவெட்டியாத் திருப்பி அனுப்புனாங்களே, அவங்களே வந்திருக்காங்க!”

பாய் கையைத் துடைத்தபடி வந்தார். “வாங்கண்ணே, உக்காருங்க,” என்றார். முகத்தில் சிரிப்பில்லை. “புத்தகம் புடிக்கலையா? ஒரு போகத்துக்குன்னு வாங்கிட்டுப் போயி பாதியிலயே அனுப்பிட்டீங்க. ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கல.”

“போகம்தான் முடிஞ்சிருச்சே பாய். குறுவை அறுத்தாச்சு.”

“குறுவையா?”

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார்.

“இது கடைமடைண்ணே,” என்றார் பாய். “குறுவைக்கு இங்க எங்க தண்ணி வருது? உங்க ஊரெல்லாம் குடிச்சு மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்கு. போகம்னா எங்களுக்குச் சம்பா ஒண்ணுதான். தையில அறுத்தாத்தான் முடியும்.”

கடைக்குப் பின்னால் பார்த்தேன். சம்பா முழங்கால் உயரத்தில் பச்சையாக நின்றது.

“மூணு நாள் சரியாச் சோறு திங்கல இந்த மனுஷன்,” என்றார் அந்த அம்மா. “புத்தகம்தானே வந்திருக்கு, பொண்ணா வந்திருக்குன்னு கேட்டேன்.”

பாய் என் புத்தகத்தை எடுத்து வந்தார். பாலிதீன் உறை போட்டிருந்தார். கடைசித் தாளைத் திருப்பி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அது எழுந்து நின்றது. பக்கத்தில், அழுத்தாமல், பென்சிலில் ‘மான்?’ என்று எழுதி, நீலப் புத்தகத்தின் ஒரு பட எண்ணும் போட்டிருந்தது.

“மாடுன்னு நெனச்சிருந்தேன்,” என்றேன்.

“காலைப் பாருங்கண்ணே, ஈர்க்குச்சி மாதிரி. மாட்டுக்கு இந்தக் காலா? கோடியக்கரையில ஓடுற மான் சட்டுனு நின்னு திரும்பிப் பாக்கும் பாருங்க, அதேதான். நீங்க அனுப்புனதனால ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல வச்சுப் பாக்க முடிஞ்சுது.”

நீலப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். அதே கழுத்து, அதே திரும்பல். மாடு இல்லாத பக்கம் என்று நான் தினமும் தாண்டிப் போன பக்கம் அது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, உங்க போகம் முடிஞ்சு போச்சு. எடுத்துட்டுப் போங்க,” என்று பாய் என் புத்தகத்தை நீட்டினார்.

அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன். கை நீளவில்லை.

“உங்க அறுப்பு முடியட்டும் பாய்,” என்றேன்.

அவர் சிரித்தார். நீலப் புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

“இந்தத் தடவையாவது யாரு ஊரு போகம்னு பேசிக்கிட்டுப் போங்க,” என்றார் அந்த அம்மா, தேநீரை நீட்டியபடி.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மன்னார்குடி தாண்டியதும் பயிர் குட்டையாகிவிட்டது. குறுவை அறுத்த வயலில் நட்ட எங்கள் பக்கத்துத் தாளடி அப்போதுதான் வேர் பிடித்திருந்தது. தூறல் விழுந்தது. புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். மாடுகள் வாய்க்காலைத் தாண்டிப் போயின. எல்லாம் போன பிறகு, கரையில் அது மட்டும் நின்று திரும்பிப் பார்த்தது. இந்த முறை கால்கள் தெளிவாகத் தெரிந்தன.