படத்துக்குப் பின்னால் அக்கா

என் அக்காவுக்குக் காலில் சக்கரம். துணிக்கடையில் பொம்மைகளுக்கு உடை மாட்டுவது அவள் வேலை. முகப்புக் கண்ணாடிக்குள் ஒரு சட்டையை மாட்டுவாள், உடனே வெளியே ஓடி எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பாள், காலர் கோணலாகத் தெரிந்தால் திரும்ப உள்ளே ஓடுவாள். வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தவள் என் தோளில் பிரிந்த தையலைக் கண்டால் ஊசி எடுக்க எழுந்துவிடுவாள். அத்தான் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கண்ணாடிமேல் முதலாளி ஒரு திரை ஒட்டினார். மின்சாரம் ஓடினால் அது வெறும் கண்ணாடி. நிறுத்தினால் பால்போல வெளுத்துவிடும். உள்ளே தொங்கும் புரொஜெக்டர் அதில் படம் காட்டும். சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் மழையில் ஓடி வருவாள். படம் முடிந்ததும் திரை தெளிந்து, அதே கோட்டோடு அக்காவின் பொம்மை நிற்கும். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனால் ஜனங்கள் படத்துக்கு நின்றார்கள், பொம்மை தெரிந்ததும் நடையைக் கட்டினார்கள்.

"பொம்மைய யாரும் பாக்கறதில்லையேம்மா," என்றார் முதலாளி. "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, படம் மட்டும் போதும்."

அக்காவுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. இருப்புக் கொள்ளாமல் தினமும் உடைகளை மாற்றினாள். படம் ஓடும்போதுதான் மாற்ற வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தால் ஓடி வரும் பெண்ணின் முகத்தில் இவள் கொண்டையின் நிழல் விழும். அதனால் குனிந்தே வேலை. அந்த முதுகுவலியின் எரிச்சலெல்லாம் வீட்டில் எங்கள் தலையில் விடிந்தது.

ஒரு நாள் மாலை குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி பொம்மையின் கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். இருட்டாக இருந்தது. "லைட்டக் கொஞ்சம் போடும்மா," என்றாள் பல்லிடுக்கில். புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பெண் போட்டது திரையின் சுவிட்சை. படம் மறைந்தது.

அக்கா நிமிர்ந்தாள். தெருவே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடுவதென்றால் பொம்மையை அரைகுறையாக விட்டுவிட்டு ஓட வேண்டும். அது மட்டும் அவளால் ஆகாது. இன்னொரு கையையும் மாட்டினாள், பொத்தான்களைப் போட்டாள், காலரை நீவினாள். வெளியே ஒருவரும் நகரவில்லை.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இனிமே தினமும் இப்படியே செய்ம்மா. பொம்மையும் இருக்கட்டும், நீயும் இரு."

வேலை தப்பியது என்று எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. அடுத்த வாரம் நானும் போய்க் கூட்டத்தில் நின்றேன். அக்கா கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் சிலர் கிளம்பப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளி விரலை ஆட்டினார். அக்கா எல்லாப் பொத்தான்களையும் கழற்றினாள். கோட்டை உருவினாள். மறுபடியும் மாட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீடு திரும்பும்போது அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. "வேலை போகலையேக்கா, அத நெனச்சு சந்தோஷப்படேன்," என்றேன்.

"வேலையா?" என்றாள், நிற்காமலே. "முடிக்கவே விட மாட்டேங்கறாங்கடி."