எதிர் நாற்காலியில் ஒரு பை

தர்மபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வு முறை சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாற்காலியை வரைவதற்கு முன்னால் அதில் உட்காரப்போகிறவரைப் போய்ப் பார் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவதுதான் என் வேலை. பிள்ளைகளுக்கு வரையத்தான் ஆசை. பார்க்கச் சொன்னால் மூஞ்சி சுருங்கிவிடும். விடுதி அறையிலேயே உட்கார்ந்து பதினைந்து பேரின் பேட்டியைத் தாங்களாக எழுதிக்கொண்டு வருவார்கள். "பென்னாகரத்துல ஆடு மேய்க்கிறவரும் கடத்தூர் டெய்லரும் எப்படிப்பா 'பயன்படுத்த எளிதாக உள்ளது'ன்னு ஒரே மாதிரி சொன்னாங்க?" என்று கேட்டால் பல்லைக் காட்டுவார்கள்.

நான் சொல்வது அதிகமில்லை. முதலில் குறுக்கே போகாமல் பார். பார்த்ததை ஒரு பக்கம் எழுது, நீயாக நினைத்ததை எதிர்ப் பக்கம் எழுது. அப்புறம் போய் அவரிடமே கேள். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாதே, மனதுக்குள் பத்து எண்ணு. அந்த மௌனம் யாருக்கும் பொறுக்காது. நிஜமாகச் சொல்ல இருந்தது அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து வரும்.

வகுப்பில் இத்தனை பேசுகிறேனே, வகுப்பு முடிந்தால் பேச ஆளில்லை. சென்னையிலிருந்து இந்த வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. கடத்தூரில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை வருகைப் பதிவுக்கு முதல் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தால் சத்தமே வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மெஸ். அங்கேயும் வாய் திறக்க வேண்டாம். என்னைக் கண்டதுமே இரண்டு தோசை வந்துவிடும்.

போன பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்ற மேசை செய்யப்போகிறேன் என்றாள். நல்ல தலைப்பு, போய்ப் பார் என்று அனுப்பினேன். சில நாளில் அவளை என் மெஸ்ஸிலேயே பார்த்தேன். மூலை மேசையில் நோட்டும் கையுமாக இருந்தாள். நான் நிமிர்ந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். தினமும் வந்தாள், ஒரு நாளும் என் பக்கம் வரவில்லை. வகுப்பில் திட்டுகிறேன் அல்லவா, இங்கேயும் இந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டுமா என்று ஒதுங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. போடீ போ என்று தோசையைப் பிய்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். மூன்று பேரைக் கவனித்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே யாருக்கும் பெயர் இல்லை. சிவப்புப் பேனாவோடு படித்துக்கொண்டே போனேன். நபர் மூன்றில் பேனா நின்றது.

'பெண். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். இரண்டு தோசை. போனை எடுத்துப் பார்க்கிறார், யாரையும் அழைப்பதில்லை. சாக்குத் துணிப் பையை எதிர் நாற்காலியில் வைக்கிறார். கூட்டமான நாளிலும் எடுப்பதில்லை.'

நான்தான் அது. அடப்பாவி, எனக்கு நாற்பத்தெட்டுதான்.

எதிர்ப் பக்கத்தில் அவள் நினைத்தது இருந்தது. 'யாரும் எதிரில் உட்காரக் கூடாது என்பதற்காகவே பை. இவர் தனிமையை விரும்புகிறவர்.' அதற்கடுத்த தாளில் அழகான படம். ஒரே ஆள் உட்காரும் மேசை, சுவரைப் பார்த்து, மூன்று பக்கமும் தடுப்பு.

"மத்த ரெண்டு பேருகிட்டயும் பேசி, கையெழுத்து வாங்கிட்டேங்க மேடம். உங்களுது மட்டுந்தான் பாக்கி," என்று, கவனித்ததை அறிக்கையில் சேர்க்கச் சம்மதம் கேட்கும் ஒப்புதல் தாளை நீட்டினாள்.

கையெழுத்துப் போட்டிருந்தால் அவளுக்கு நல்ல மதிப்பெண், எனக்கு மானம் மிச்சம். தனிமையை விரும்புகிறவர் என்றால் கேட்கக் கௌரவமாகவும் இருக்கிறது. ஆனால் அது பொய். அந்தப் பொய்யின் மேல் அவள் ஒரு மேசை செய்து, என்னை மாதிரி ஒருத்தியைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிடுவாள். பொய் என்று சொல்வதானால் நிஜத்தையும் நானே சொல்ல வேண்டும். பேனாவை மூடினேன், திறந்தேன்.

"நபர் மூணுகிட்ட மட்டும் கேக்கலையே, ஏன்?"

"உங்ககிட்ட எப்படிங்க மேடம் கேக்கறது? பயமா இருந்துச்சுங்க."

"இப்பக் கேளு."

நோட்டைப் பிரித்தாள். "எதிர் சேர்ல எதுக்குங்க மேடம் பை வெக்கறீங்க?"

"எதிர்ல காலியா இருந்தா சாப்பாடு எறங்க மாட்டேங்குது. அதான்."

அவள் பேனா ஓடி நின்றது. ஐயோ பாவம் என்று ஏதாவது சொல்வாள், உடனே அதட்டி அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். அவள் உதடு மட்டும் லேசாக அசைந்தது. பாவிப் பெண், பத்து எண்ணிக்கொண்டிருந்தாள்! நான் சொல்லிக்கொடுத்தது, எனக்கே. அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தும் எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஏழோ எட்டோ வந்திருக்கும்.

"இந்த ஊர்ல என்னைச் சாப்பிட்டியான்னு கேக்க ஒருத்தர் இல்லம்மா," என்றேன்.

அதையும் எழுதினாள், ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல். பிறகு தடுப்பு வைத்த படத்தின் மேல் குறுக்காகக் கோடு போட்டாள். "மறுபடி வரையறேங்க மேடம்," என்று தலை நிமிராமல் போய்விட்டாள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவைத்தேன். அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

அன்று சாயங்காலம் மெஸ்ஸில் பையைக் காலடியில் வைத்தேன். மூலை மேசையில் அவள் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டாளே, இனி எதற்கு வரப்போகிறாள்? நல்ல கூட்டம். காய்கறிக் கணக்குச் சிட்டை பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்த ஒருவர் வந்து நின்றார்.

"ஏங்க, இங்க ஆளு வருதுங்களா?"

"இல்லைங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். பரோட்டா சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் தோசை தீர்ந்து வெகுநேரமாகியும், அவர் கை கழுவ எழுந்திருக்கும் வரை, காலித் தட்டில் தோசையைப் பிய்ப்பதுபோல் விரலை அசைத்துக்கொண்டு நான் எழுந்திருக்கவில்லை.