உலக்கை நின்ற மத்தியானம்

ஆவாரம்பட்டைத் தூள் முதலில் மூக்கில் ஏறும், பிறகு தொண்டையில் இறங்கும், கடைசியில் நாக்கடியில் ஒரு துவர்ப்பாகத் தங்கிவிடும். எங்கள் வீட்டில் சோறும் துவர்க்கும், குடிதண்ணீரும் துவர்க்கும், வெளுத்துக் காயப்போட்ட பாவாடையை உதறினால் தும்மல் வரும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருந்த ஒரு தோல் கம்பெனியின் மதிலுக்குள்ளேயே எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள், ஏனென்றால் அப்பா அங்கே மேஸ்திரி. வீட்டின் பின்சுவரும் பட்டை இடிக்கும் கொட்டகையின் சுவரும் ஒன்றுதான். நாட்றம்பள்ளிப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் காய்ந்த பட்டையைப் பெண்கள் நின்றபடியே உலக்கையால் இடிப்பார்கள். அந்தத் தூளை ஊறவைத்த தண்ணீரில்தான் தோல் பதமாகும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை, மதியச் சங்கு ஊதினாலும், அந்தச் சத்தம் ஓயாது. வெள்ளைக்காரன் போகப்போகிற காலம் அது. எனக்கு ஒன்பது வயது, தம்பி சாமுவுக்கு ஆறு.

அப்பாவைக் குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்திருந்தால் அடிக்கு ஒரு காரணமாவது எங்களுக்குக் கிடைத்திருக்கும். சாராயத்தை மோந்துகூடப் பாராத மனிதர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் வேதக்கோயிலின் முதல் வரிசையில் உட்காருபவர், ஊரில் யார் வீட்டுச் சண்டைக்கும் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடப்படுபவர். மதியச் சங்கு ஊதியதும் சாப்பிட வீட்டுக்கு வருவார். நாங்களும் மிஷன் பள்ளியிலிருந்து சோற்றுக்கு வந்திருப்போம். ஜெபம் பண்ணி, சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்து, ஆணியில் தொங்கும் எருமைத்தோல் வாரை எடுத்து மடியில் கிடத்திக்கொண்டு கேட்பார்: “இன்னிக்கி இன்னா தப்பு பண்ணீங்க?” தப்பைச் சொன்னால் தப்புக்கு அடி, ஒன்றும் பண்ணவில்லை என்றால் பொய்க்கு அடி. வார் காய்ந்து வெடித்துவிடக் கூடாதென்று அதற்குத் தவறாமல் புங்க எண்ணெய் தடவுவார். எங்கள் தலைக்கு அவர் ஒருநாளும் எண்ணெய் தடவியதில்லை.

அடி விழுந்துவிட்டால் முடிந்தது. விழப்போகிற நேரம்தான் பெரிய கொடுமை. பள்ளியில் சங்குச் சத்தம் கேட்டாலே சாமுவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே நிஜார் நனைந்துவிடும், அதுவே அன்றைய தப்பாகவும் ஆகிவிடும். வாயில் போட்ட கவளத்தை அவனால் விழுங்க முடியாது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா எங்கள் காதோடு சொல்வதெல்லாம் ஒன்றுதான்: “அழுவாதீங்க. அழுதா ஜாஸ்தி ஆவும். வெளிய கேட்டா மானம் பூடும்.”

இதற்கு நாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் அடி வாங்கிக்கொண்டு சுவரோடு ஒண்டி நின்றபோது, உலக்கை விழுவது என் முதுகில் அதிர்ந்தது. உலக்கை மேலே போகையில் நானும் மூச்சை இழுத்தேன், கீழே விழுகையில் விட்டேன். ஒரே உரலில் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி இடிப்பவர்கள் கன்னியம்மாவும் ராணியும். கன்னியம்மாவின் உலக்கையில் இரும்புப் பூண் தளர்ந்திருந்ததால் விழும்போது ஒரு கிணுக்கென்ற ஓசை வரும், ராணியுடையது மொத்தென்று விழும். எது யாருடையது என்று கவனித்துக்கொண்டே இருந்தால் அப்பாவின் மடியிலிருக்கும் வார் கொஞ்சம் தூரமாகப் போய்விடும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் “உலக்கைக்குப் போறது”. சாப்பிட உட்காரும்போது சாமுவின் தொடையை என் முழங்காலால் இடித்து, “இப்ப மேல போறது யாருது?” என்று முணுமுணுப்பேன், அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கன்னிம்மா” என்பான். மூச்சு நிதானப்படும், கவளம் உள்ளே இறங்கும். நிஜார் நனைவதும் நின்றது. வார் விழும்போதும் அவன் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு மறைவிடம் கிடைத்துவிட்டதென்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

பயம் விட்ட பிள்ளைக்குத் துணிச்சல் வருமல்லவா, சாமுவுக்கும் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த வாரை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், தோலில் மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருக்கும் குழியில் போட்டுவிட்டான். குழியில் போட்டதைத் திரும்ப எடுத்தாலும் அது ஊறி உப்பிப் பாழாய்ப் போயிருக்கும் என்பது கம்பெனிக்குள் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா. என்னிடம் வந்து சொன்னபோது சிரித்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

மறுநாள் அப்பா ஜெபம் பண்ணினார், சாப்பிட்டார், கை கழுவினார், ஆணிக்குக் கையை நீட்டினார். ஆணி வெறுமனே இருந்தது. “வாரு எங்கடா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சாமு கண்ணை மூடிக்கொண்டான். அவன் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்குவதை நான் பார்த்தேன்; உலக்கைக்குப் போய்விட்டான். அந்த அமைதிதான் அவரை வெறியாக்கியது. “மூஞ்சில பயமே இல்ல பாரு. திமிரு. எங்கிட்டயே திமிரு” என்று எழுந்தவர், குறுக்கே வந்த அம்மாவின் கூந்தலைப் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையைப் போடவில்லை, தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிட்டுக் கட்டையைக் கையில் எடுத்தார்.

முதல் அடி என் தோளில் விழுந்தது, ஏனென்றால் நான் அவன்மேல் விழுந்திருந்தேன். என்னைக் காலால் உதைத்து ஒதுக்கினார். அடுத்தது அவன் முதுகில். அதற்கடுத்தது, அவன் தன்னையறியாமல் தூக்கிய கையில். விறகு முறிகிற சத்தம் கேட்டது. முழங்கைக்குக் கீழே அவன் கை இருக்கக்கூடாத பக்கம் மடங்கித் தொங்கியது. அப்போதும் அவன் கத்தவில்லை. உதட்டைக் கடித்து ரத்தம் வழிய, கண்ணை இறுக மூடி, மூக்கால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். “அழுடா” என்று அப்பா கட்டையை ஓங்கினார். அடுத்த அடி தலையில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செத்துப்போவான், சத்தமில்லாமல் செத்துப்போவான் என்று நினைத்தேன்.

அப்போது உலக்கை நின்றது. முதலில் ராணியுடையது, உடனே கன்னியம்மாவுடையது, பிறகு மற்ற உரல்களும். பிறந்ததிலிருந்து வேலைநாள் பகலில் நான் கேட்டறியாத நிசப்தம் அது. சாமு கண்ணைத் திறந்தான், பிடித்துக்கொண்டிருந்ததெல்லாம் கைநழுவிப் போனவனாகத் திறந்தான். அதுவரை வாங்கிய அத்தனை அடிக்கும் சேர்த்து ஒரே கத்தாகக் கத்தினான். அப்பா தம் பங்குக்கு, எந்தக் கோயிலிலும் சொல்லக்கூடாத வார்த்தையால் திட்டினார். அதுவும் மதிலுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. தம் குரலைத் தாமே கேட்டு அவர் ஒரு கணம் நின்றார், கட்டை ஓங்கினபடியே இருந்தது.

“மேஸ்திரி, கதவத் தொற. தொறக்கலன்னா ஒடச்சிடுவோம்” என்றது கன்னியம்மாவின் குரல். அவர் திறக்கவில்லை. பட்டை இடித்த உலக்கைகளால் அவர்கள் கதவை இடித்தார்கள். தாழ்ப்பாள் பிய்ந்து உள்ளே விழுந்தது, பட்டைத்தூள் அப்பிய முகங்களோடு உள்ளே வந்தார்கள், கன்னியம்மா உலக்கையைச் சுழற்றி அவர் முழங்காலில் போட்டாள். அவர் உட்கார்ந்துவிட்டார். தோல் ஊறும் குழிகளிலிருந்து ஏறிவந்த ஆண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். மேஸ்திரியைத் தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அப்பா திருந்திவிடவில்லை. நொண்டிக்கொண்டே மறுபடி மேஸ்திரியாக இருந்தார், கன்னியம்மாவுக்குத்தான் வேலை போயிற்று. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்துக்கு வந்து, நெசவுக்காரர் வீடொன்றில் நூல் சுற்றும் வேலையில் சேர்ந்தாள். சாமுவின் கை கோணலாகவே கூடியது. அந்தக் கையோடே ரயில்வேயில் வேலைக்குப் போய்த் தன் பிள்ளைகளை ஒரு சுடுசொல் சொல்லாமல் வளர்த்தான். வெகுகாலம் கழித்து ஒருநாள் ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, தானாகவே சொன்னாள்: “உங்கப்பா வாரை எடுக்கறப்ப எல்லாம் நல்லா ஓங்கி இடிங்கன்னு கன்னிம்மாகிட்ட நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். ரோட்டுக்குக் கேக்கக்கூடாதுன்னு.” எனக்கு ரத்தம் கொதித்தது. நாங்கள் ஒளிந்துகொண்ட சத்தம் எங்களை மூடுவதற்காக எழுப்பப்பட்ட சத்தம். பல நாள் அவளோடு பேசவில்லை. பிறகு அவள் சொல்லாமல் விட்ட பாதியை நானே கேட்டேன். “நிறுத்தச் சொன்னது?” அவள் நூலைப் பார்த்தபடியே, “அதுவும் நாந்தான். வெளிய தள்ளினதும் ஓடிப்போய் அவ கால்ல வுழுந்தேன். எல்லாருக்கும் கேக்கட்டும், நிறுத்துன்னு சொன்னேன்” என்றாள்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. மதிலை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். பட்டை இடிப்பவர்களும் இல்லை, எல்லாம் மருந்துத் தண்ணீரும் இயந்திரமும்தான். சுவர்கள் கெட்டியாகிவிட்டன, பக்கத்து வீட்டில் என்ன நடந்தாலும் இந்தப் பக்கம் கேட்பதில்லை. அதை வசதி என்கிறார்கள்.

போன மாதம் கொள்ளுப்பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகளின் பயம் போக ஒரு பயிற்சி என்று கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து, கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள் என்று ஒரு இளம் டீச்சர் இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல காரியம்தான்; அது வேலை செய்யும் என்பதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா. பிள்ளைகள் எல்லாரும் மூடினார்கள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி மட்டும் மூடவில்லை, அப்பாவின் கையைச் சாமு பார்த்ததுபோல வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீயும் மூடணும் கண்ணா, பயம் போயிடும்” என்றார் டீச்சர். நான் முட்டி வலியோடு மெல்ல அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“ஊட்ல யாரும்மா அடிக்கிறாங்க?” என்றேன்.

அவள் கதவை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு, “நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டியே ஆயா?” என்றாள்.

“சொல்லுவேன். எல்லார்கிட்டயும் சொல்லுவேன்” என்றேன். அப்போதுதான் அவள் கதவைப் பார்ப்பதை விட்டாள்.