கிராம் சார் டிரில் பார்க்கிறார்

கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை முன்னால் நீட்டி, அதில் ஒரு டிரில்லைப் பிடித்தபடி கடை நடுவில் நிற்கிறார் கிராம் சார். இடது கை, தோளில் தொங்கும் துணிப்பைக்குள் இருக்கிறது. உதடு மட்டும் அசைகிறது. ஆணி வாங்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரின் போன் அடிக்கிறது.

“அங்கதான் இருக்காரா?” என்கிறாள் கிராம் சாரின் மனைவி.

“இருக்கார்மா. கண்ணை மூடியாச்சு. நாப்பது வரைக்கும் எண்ணியாச்சு.”

“இன்னைக்காவது வாங்குவாரா?”

“அறுபது முடிஞ்சாத்தான் தெரியும்.”

அறுபது முடிந்தது. பையிலிருந்து சமையலறைத் தராசு வெளியே வந்தது. பெட்டியிலேயே எடை போட்டிருக்கிறது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். “போட்டிருக்கறது பேட்டரி இல்லாத எடை. பேட்டரியைக் கழட்டி வச்சிட்டா சுவத்துல ஓட்டை போடுவாங்க?” என்றார் கிராம் சார். தராசில் வைத்தார், நோட்டில் எழுதினார், உதட்டைப் பிதுக்கினார். அது ஆறாவது சனிக்கிழமை.

மின்விசிறித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இறக்கைகளை எடை போட்டவர் அவர். ஒரு விசிறிக்கு மூன்று இறக்கை. மூன்றும் ஒரே எடையில் இருக்க வேண்டும். ஒன்று நாலு கிராம் கூடினாலும் விசிறி தலையாட்டும். குவியலிலிருந்து மூன்று மூன்றாகச் சோடி சேர்ப்பதும், சேராததைத் திருப்பி அனுப்புவதும்தான் வேலை. அங்கே வைத்த பெயர்தான் கிராம். ஓய்வு பெற்ற அன்று மாலையோடு பெயரையும் போட்டு அனுப்பிவிட்டார்கள். தொழிற்சாலைக்கு நிம்மதி, வீட்டுக்கு வந்தது வினை.

சோப்பை வாங்கினால் உறையைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு எடை, பிரித்த பின் ஒரு எடை. புதுச் செருப்பில் இடது கால் பதினோரு கிராம் கூட என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். “பதினோரு கிராம் கூட இருந்தா என்னங்க, நடந்தா தெரியவா போகுது?” என்று மனைவி கேட்டதற்கு, “தெரியாதுன்னு நினைக்கறதுதான் முதல் தப்பு” என்று பதில் வந்தது. இந்த மனிதரோடு முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை.

அவள் முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் திரை, பள்ளிச் சீருடை, சோபா உறை, எது வந்தாலும் தைப்பாள். மிஷினை மிதித்து மிதித்தே வலது முழங்கால் போய்விட்டது. வரும் வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். வீட்டுக்குத் திரும்புமுன் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தியிருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். கம்பி அன்றைக்கே வாங்கியாயிற்று. குளியலறைக் கதவுக்குப் பின்னால் பெட்டியோடு சாய்ந்து நிற்கிறது. போன மாதம் ஈரத்தில் வழுக்கி, வாளியைப் பிடித்துத் தப்பித்தாள். வாளி உடைந்தது. உடைந்தது வாளியாக இருந்ததே என்று அன்று இரவெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை. கம்பியைச் சுவரில் ஏற்ற நாலு ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலு ஓட்டைக்குத்தான் இத்தனை சனிக்கிழமையும்.

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் இரண்டு முறை கேட்டுவிட்டார். “அக்கா, பத்து நிமிஷ வேலை. நான் வந்து அடிச்சுக் குடுத்திடறேன்.” கிராம் சார் வாசலிலேயே அவரை மறித்துக்கொண்டார். முன்னறைத் திரைக் கம்பியை மாட்டியது அந்த எலக்ட்ரீஷியன்தான். ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் இறக்கமாம். “திரைன்னா தொங்கிட்டுப் போகுது. இது அவ பிடிச்சு எழுந்திரிக்கற கம்பி. நாமளே போட்டுக்கறோம்” என்று கதவைச் சாத்தினார்.

போட்டுக்கொண்டால்தானே!

இதில் இன்னொரு தலைவலி. சனிக்கிழமையானால் அவளுடைய பெரிய கத்தரிக்கோல் காணாமல் போகும். துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கையை நீட்டினால் இருக்காது. சாயங்காலம் அதே இழுப்பறையில் சமர்த்தாகக் கிடக்கும். “நல்லா தேடியிருக்க மாட்டே” என்பார் கிராம் சார், முகத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு. தனக்குத்தான் மறதி வந்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம் வேறு பிடித்துக்கொண்டது.

ஏழாவது சனிக்கிழமை அவர் சிரித்த முகமாக வந்தார். பையிலிருந்து உள்ளங்கை நீளத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

“முன்னூத்தி நாப்பது. பேட்டரியோட சேர்த்து!”

ஏதோ பிறந்த குழந்தையின் எடையைச் சொல்வது போலச் சொன்னார். அவளுக்கும் சந்தோஷம்தான். ஒரு வழியாக முடிந்ததே என்று டீ போட்டுக் கொடுத்தாள். ஞாயிறு காலை இருவரும் குளியலறைக்குள் போனார்கள். டைல் மேல் அவர் பென்சிலால் நாலு புள்ளி வைத்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கருவியைப் பிடித்து அழுத்தினாள், அவர் நீட்டினார் என்பதால். அது உர்ரென்றது. கால் மணி நேரம் உர்ரென்றது. டைலில் ஊசி கீறிய அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. பிறகு பேட்டரி போய்விட்டது.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே அவள் கடைக்குப் போனாள்.

“அம்மா, அது ஸ்க்ரூ முடுக்கறது. கதவுக் கீலு, சுவிட்சுப் பெட்டி, நாற்காலி, அதுக்கெல்லாம் நல்லா இருக்கும். சுவத்துல ஏறாது” என்றார் கடைக்காரர். “தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். கிராமைத் தவிர எதுவும் அவர் காதுல ஏறலை.”

“சுவத்துல ஓட்டை போடறதுல லேசானது எது?”

கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். தூக்கிப் பார்த்தாள். விசையை லேசாக அழுத்தினாள், மெதுவாகச் சுற்றியது. இன்னும் அழுத்தினாள், வேகம் கூடியது. மிஷின் மிதிக்கட்டையைப் போலத்தான். டைல் முடிகிற வரை மெதுவாக, சும்மா சுற்றவிட வேண்டும். சிமெண்டு தட்டியதும் இந்த வளையத்தைத் திருப்பினால் இடித்துக்கொண்டே உள்ளே போகும் என்று சொல்லிக் கொடுத்தார். டைலுக்கென்று தனி முனை ஒன்றும் கொடுத்தார். ஏழு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிராம் சார் தராசோடு தயாராக நின்றார்.

“ஆயிரத்து நூத்தி எண்பது! இது ஆகாது. திருப்பிக் குடு.”

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கோபம். “வியாழக்கிழமை என் காலை அறுக்கப் போறாங்க. நீங்க இன்னும் எடை போட்டுட்டு இருக்கீங்க! அப்படி என்னதான் எழுதி வச்சிருக்கீங்க அதுல?” என்று நோட்டைப் பிடுங்கினாள்.

பக்கத்துக்குப் பதினோரு கட்டம். பேட்டரியோடு, பேட்டரி இல்லாமல், பிடியின் சுற்றளவு, அறுபது எண்ணியதும் மணிக்கட்டில் வலி உண்டா இல்லையா. எது எதற்கு உதவும் என்ற கட்டம் மட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், சிவப்பு மையில், கோணல் மாணலான எழுத்தில் இருந்தது: ‘அவள் கத்தரிக்கோல். 342 கிராம். மூன்று மணி நேரம் பிடிக்கிறாள். கை வலி இல்லை.’

அவள் இரண்டு தரம் படித்தாள்.

“என் கத்தரிக்கோலை எடுத்துட்டுப் போனது நீங்கதானா?”

“ஒரு கையில அது, ஒரு கையில டிரில்லு. சோடி சேர்த்துப் பார்க்க வேண்டாமா?” என்றார் அவர், தரையைப் பார்த்து. “நான் பிடிச்சா டைல் உடையும். உன் கைதான் நிக்கும். அதான் உன் கைக்குத் தோதா...”

இரண்டு வருஷமாக அவர் கை நடுங்குகிறது. முழு டம்ளர் டீயை அவள் அவருக்கு ஊற்றுவதில்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதுமில்லை.

“இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தா எனக்கு ஏழு சனிக்கிழமை மிச்சம்!”

“சொன்னா நீ என் கையைப் பார்ப்பே.”

அவள் பார்க்கவில்லை. டிரில்லை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் தீரவில்லை. புள்ளிகளின் மேல் காகித டேப்பை ஒட்டி, சாக்கட்டியால் மறுபடி குறித்தாள். முனையை வைத்து மெதுவாக அழுத்தினாள், பட்டுத் துணியில் முதல் தையல் போடுகிற நிதானத்தில். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. சிமெண்டு தட்டியதும் வளையத்தைத் திருப்பினாள். வீடு அதிர்ந்தது. “நேரா பிடி, நேரா பிடி” என்று பின்னாலிருந்து ஓயாமல் தொணதொணத்தார் கிராம் சார். “வாயை மூடிட்டு நில்லுங்க” என்றாள். நாலு ஓட்டைக்குள்ளும் திருகாணி பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் இறங்கியது. திருகாணிகளை மட்டும் அவருடைய முன்னூற்று நாற்பது கிராம் முடுக்கியது. ஏதோ ஒன்றுக்காவது அது உதவட்டும் என்று அவள்தான் விட்டுக்கொடுத்தாள்.

“என்ன, தேறுமா?” என்றாள், முந்தானையால் முகத்துத் தூளைத் துடைத்தபடி.

கிராம் சார் கிட்டே வந்தார். கம்பிக்கு முன்னால் குந்தி, இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தார். கால் இரண்டையும் மடக்கித் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். அறுபத்தாறு வயது மனிதர், மொத்த எடையும் கம்பியில் தொங்க, கண்ணை மூடினார். உதடு அசைய ஆரம்பித்தது. கை தோள் வரைக்கும் நடுங்கியது. கம்பி அசையவில்லை.

“விழுந்து வைக்காதீங்க, போதும்” என்றாள். அவர் கேட்பதாக இல்லை. வேறு வழியில்லாமல் அவளும் உடன் சேர்ந்து சத்தமாக எண்ணத் தொடங்கினாள். அறுபது என்று சொல்லி நிறுத்தினாள்.

அவர் இன்னும் விடவில்லை.